நங்கூரம் தூக்கு, தம்பி!

"பிறகென்ன, பென்ஷன் வருதுல்லா!"

நேவியில் 15 வருடம் முடித்துத் திரும்புகிறவன் அதியன்னூரில் உட்கார்ந்தாலும் சரி, பாறசாலையில் உட்கார்ந்தாலும் சரி, மாநில எல்லையில் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாலும் சரி, டீ வருவதற்கு முன்னால் இந்தப் பேச்சு வந்துவிடும். சொல்கிறவர்கள் மனதில் விஷம் இல்லை. கொஞ்சம் பொறாமை இருக்கலாம், அன்பு நிறையவே இருக்கும். ஆனாலும் தம்பி, உன் மிச்ச வாழ்க்கையை மூழ்கடிக்க இந்த ஒரு பேச்சு போதும். 35 வயதுக்காரனைப் பார்த்து "உன் கதை முடிந்தது" என்று சொல்வதைத்தான் இனிப்பு தடவி இப்படிச் சொல்கிறார்கள். நம்பாதே!

நீ யார் என்று ஒருமுறை நினைத்துப் பார். ஊரைத் தாண்டி அதிகம் போகாத பையனாக ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்கா வாசலில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினாய். தமிழும் மலையாளமும் கலந்து பேசிய நாக்கு இந்தியைப் பழகியது. லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜியில் என்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றாய். இல்லையென்றால் ஜாம்நகரில் ஐஎன்எஸ் வல்சுராவில் மின்சாரம் கற்றாய். என்ஜின் அறை வெக்கையில் வாட்ச் நின்றாய். நடுக்கடலில் ஒரு பம்ப் நின்றால் ஓடிப்போய் ஸ்பேர் வாங்கிவரக் கடை கிடையாது. கையில் இருக்கிறதை வைத்து ஓட்டியாக வேண்டும், ஓட்டினாய். ஸ்டோர்ஸ் பார்த்தவனா? நூற்றுக்கணக்கான பேருக்கு அரிசி முதல் ஆணி வரை, அடுத்த துறைமுகம் வரை தட்டுப்பாடில்லாமல் கணக்குப் போட்டவன் நீ. கேலியில், அதாவது சமையல்கட்டில், நின்றவனா? கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பிடித்து நிற்பதே பாடு, அதில் அத்தனை பேருக்கும் நேரத்துக்குச் சோறு போட்டவன் நீ.

இத்தனை தெரிந்தவனை ஊர் என்ன செய்கிறது? பென்ஷனில் முன்கூட்டி வாங்கிய கம்யூட்டேஷன் பணம் மொத்தமும் இரண்டு மாடி வீடாக நிற்கிறது. ஆறு மாதம் கல்யாணம், காதுகுத்து. பிறகு ஒரு நீலச் சட்டை, ஒரு ஏ.டி.எம். வாசல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இரவெல்லாம் விழித்திருந்து நேர்மையாகக் காவல் காக்கிறவனை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தகுதியுள்ளவன், தன்னால் முடியாது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்காருகிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்னைப் போலவே ஒரு எல்லை ஊர்க்காரன் கதையைக் கேள். அமெரிக்காவில் டெக்சார்கானா என்று ஒரு ஊர். டெக்சஸ், ஆர்க்கன்சாஸ் ஆகிய இரண்டு மாநிலங்களின் எல்லை ஊர் நடுவே ஓடுகிறது. அங்கே அஞ்சல் நிலையக் கட்டடமே இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து நிற்கிறது. அந்த ஊரில் பருத்தி வியாபாரி ஒருவருக்கு 1930இல் பிறந்தவர் ராஸ் பெரோ. சிறுவனாக இருந்தபோது வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டவர். 1949இல் கடற்படை அகாடமியில் சேர்ந்து, 1953இல் அதிகாரியாக வெளியே வந்து, போர்க்கப்பல்களில் வேலை பார்த்தார். 'லெய்ட்டி' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் அவர் இருந்தபோது விருந்தினராக வந்த ஐபிஎம் அதிகாரி ஒருவர், இந்த இளைஞன் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து, வெளியே வந்தால் எங்களிடம் வா என்றார். 1957இல் சீருடையைக் கழற்றினார் பெரோ. அடுத்து ஐபிஎம்மில் அவர் பார்த்தது கம்ப்யூட்டர் விற்கும் வேலை. கடற்படை அதிகாரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் படியேறினார்.

1962இல் அந்த வருடம் முழுவதற்கும் வைத்திருந்த விற்பனை இலக்கை ஜனவரியிலேயே முடித்துவிட்டார். மிச்சப் பதினொரு மாதம் சும்மா இருக்கவா? கம்ப்யூட்டரோடு சேர்த்து அதை ஓட்டித் தரும் வேலையையும் விற்கலாம் என்று தன் யோசனையை மேலே சொன்னார். எடுபடவில்லை. தன் 32வது பிறந்த நாளில், பள்ளி ஆசிரியையான மனைவியின் சேமிப்பிலிருந்து 1,000 டாலர் எடுத்து இ.டி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் ஓய்வு நேரத்தை வாடகைக்கு எடுத்தார். முதல் வாடிக்கையாளர் கிடைப்பதற்குள் 77 பேர் முடியாது என்றார்கள்.

77 பேர், தம்பி! நம்மில் பலர் ஒரே ஒரு பேங்க் மேனேஜர் "பார்க்கலாம்" என்று இழுத்ததும் பைலை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்த 1,000 டாலர் கம்பெனியை 1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் 250 கோடி டாலருக்கு வாங்கியது.

பெரோவிடம் அந்தப் பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 1978 கடைசியில், ஈரானில் புரட்சி கொதித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ஊழியர்கள் இரண்டு பேரைத் தெஹ்ரானில் சிறையில் போட்டார்கள். முதலாளி டல்லாஸில் உட்கார்ந்து கடிதம் எழுதவில்லை. தானே தெஹ்ரானுக்குப் போனார், சிறைக்குள் போய் அவர்களைப் பார்த்தார். ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் ஒருவர் தலைமையில், தன் கம்பெனி ஆட்களைக் கொண்டே ஒரு குழு அமைத்து அனுப்பினார். 1979 பிப்ரவரியில் இருவரும் வீடு சேர்ந்தார்கள். கப்பலில் ஒருவன் கடலில் விழுந்துவிட்டால் கப்பலைத் திருப்பித் தேடுவார்கள். அந்தப் பழக்கம் அவரோடு கம்பெனிக்குள்ளும் வந்தது. நீயும் அதே பழக்கத்தில் வளர்ந்தவன்தான். உன்னிடம் வேலைக்கு வரப்போகும் நாலு பேருக்கு அதைவிடப் பெரிய உத்தரவாதம் என்ன இருக்கிறது?

"அது அமெரிக்கா அண்ணே, நமக்கு ஆகுமா?" என்பாய். சரி, கேரளத்துக்கே வருவோம். கண்ணூர். இன்று கடற்படை அகாடமி இருக்கிற ஏழிமலை அந்த மாவட்டத்தில்தான். 1922இல் கண்ணூரில், அரசு பில் கலெக்டர் ஒருவரின் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் சி.பி. கிருஷ்ணன் நாயர். சிறக்கல் மகாராஜா பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது இந்தப் பையன் எழுந்து ஒரு கவிதை சொன்னான். மகிழ்ந்துபோன மகாராஜா அவன் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது மகாராஜாவின் தயவு அல்ல. அத்தனை பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருவன் எழுந்து வாய் திறந்தான்.

இவர் கடற்படை இல்லை, தரைப்படை. அபோட்டாபாதில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்து, மராத்தா படைப்பிரிவில் கேப்டன் ஆனவர். 1950இல் லீலாவோடு கல்யாணம். மாமனார் கண்ணூரில் கைத்தறி நெசவாலை நடத்தியவர். 30 வயதை ஒட்டி கேப்டன் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மாமனாரின் துணியை விற்கக் கிளம்பினார். நம்மூரில் இதற்கு என்ன பேச்சு வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். "கேப்டனா இருந்தவரு, இப்ப மாமனார் கடையில துணி விக்காராம்." அந்தப் பேச்சு கண்ணூரிலும் இல்லாமலா இருந்திருக்கும்? துணி விற்பதில் அவமானம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. அந்த ஒரு நினைப்பு இல்லாததுதான் பிறகு வந்த அத்தனைக்கும் முதல்.

1950களின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி, இயற்கைச் சாயம். அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போய் ஏராளமாக வாங்கிப் போனார். பச்சைத் தண்ணீரில் பதமாகத் துவைக்க வேண்டும், சாயம் இறங்கும் என்று கிருஷ்ணன் நாயர் எச்சரித்தே அனுப்பினார். அந்த எச்சரிக்கை கடைசி வாடிக்கையாளர் வரை போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் பெரிய கடையான புரூக்ஸ் பிரதர்ஸில் துணி விற்றது, வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், சாயம் கரைந்து ஓடியது, புகார் குவிந்தது. வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலோடு அந்த இறக்குமதியாளர் வந்து நின்றார்.

இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒளிந்துகொள்வார்கள், இல்லையென்றால் தறிக்காரன் தலையில் பழியைப் போடுவார்கள். இவர் துணியின் குணத்தையே அதன் பெருமையாக்கினார். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதியது. சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்க இளைஞர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். வழக்கு, மிரட்டல் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

பிறகு லேஸ் தொழிற்சாலை, ஆயத்த ஆடை ஏற்றுமதி என்று வளர்ந்தார். வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றி நல்ல ஹோட்டல்களில் தங்கியபோது, இதை நாமே ஏன் கட்டக் கூடாது என்று தோன்றியது. 1980களின் நடுவில், மும்பை சஹார் விமான நிலையத்தின் அருகே முதல் லீலா ஹோட்டலைத் திறந்தபோது அவருக்கு வயது 65ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "என் காலம் முடிஞ்சாச்சு" என்று சொல்கிற வயது! 1991இல் கோவா, பிறகு பெங்களூரு, 2011இல் டெல்லியில் அரண்மனை போல ஒரு ஹோட்டல். 2010இல் பத்மபூஷண். உன் வீட்டிலிருந்து பைக்கில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிற கோவளம் ஹோட்டலை 2005இல் வாங்கியவரும் அவரே.

சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். டெல்லி ஹோட்டலுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. கோவளத்தை 2011இல் கொல்லத்துக்காரரான ரவி பிள்ளைக்கு விற்க வேண்டி வந்தது. 2014இல் 92 வயதில் அவர் மறைந்தபோதும் கடன் தீர்ந்திருக்கவில்லை. 2019இல் நாலு ஹோட்டல்களும் லீலா என்ற பெயரும் கனடா நிறுவனம் ஒன்றிடம் போயின. ஆகவே கடனில் கால் வைக்கும்போது ஆழம் பார்த்து வை. பென்ஷனை ஈடு வைக்காதே, வீட்டுப் பத்திரத்தைத் தொடாதே. அதற்காக, 'பார்த்தாயா, கடைசியில் விற்கத்தானே செய்தார்கள்' என்று கதையை முடித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போகாதே. தறிக்காரனுக்கும் தையல்காரனுக்கும் ஹோட்டல் ஊழியனுக்கும் அறுபது வருடம் அவர் கொடுத்த வேலையை எந்தக் கடனும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

"அவருக்கு மாமனார் இருந்தார்" என்கிறாயா? உண்மை, இருந்தார். உனக்கு மாதாமாதம் பென்ஷன் இருக்கிறது. பெரோவுக்கு அது இல்லை, கிருஷ்ணன் நாயருக்கு அதை நம்பிய வாழ்க்கை இல்லை. தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடம் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற பயம்தான் முக்கால்வாசிப் பேரைக் கொல்கிறது. உன் அடுப்புக்கு அரசாங்கம் ஜவாப். பயப்பட உரிமை உள்ள கடைசி ஆள் நீ. ஊரிலேயே துணிந்து இறங்கத்தக்க ஒருவன் இருந்தால் அது நீதான், ஆனால் பென்ஷன் இருப்பதால் இறங்க வேண்டாம் என்று உன்னிடம்தான் சொல்கிறார்கள். எவ்வளவு பெரிய தலைகீழ் நியாயம்!

உனக்கு ஒன்று குறைகிறது, அதை மறைக்க மாட்டேன். கப்பலில் எல்லாம் உத்தரவாக வந்தது. எழுந்திருக்க விசில், சாப்பிட விசில், படுக்க விசில். 15 வருடம் அப்படி வாழ்ந்தவனுக்கு, விசில் இல்லாத காலை நேரம் திகைப்பாக இருக்கும். அதைச் சோம்பல் என்று ஊர் நினைக்கும், நீயும் நினைத்துக்கொள்வாய். சோம்பல் இல்லை அது. உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம். இனி உத்தரவு போடுகிறவனும் நீ, கேட்கிறவனும் நீ. காலை 5 மணிக்கு எழுந்து, அன்றைக்குச் சந்திக்க வேண்டிய மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு வெளியே கிளம்பு. இரண்டாவது குறை, கேட்கக் கூச்சம். சீருடையில் இருந்தவன் ஒருவரிடம் போய் "என்னிடம் வாங்குங்கள்" என்று சொல்லக் கூசுகிறான். கேட்பது பிச்சை இல்லை, தம்பி. கேப்டன் ஒருவர் துணி மூட்டையோடு கேட்டார்.

உன் மண்ணைப் பார். 1741இல் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. கடல் கடந்து வந்து இங்கே கைதியாக நின்றவர்களில் ஒருவர் யூஸ்டாகியஸ் டி லனாய். 30 வயதுகூட ஆகவில்லை. ஊர் இல்லை, மொழி இல்லை, படை இல்லை. தனக்குத் தெரிந்த வித்தையை முன்னால் எடுத்து வைத்தார்: பீரங்கி, கோட்டை, படைப் பயிற்சி. கைதி 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆகி, திருவிதாங்கூர்ப் படையை நடத்தி, 1777இல் இறந்தார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனோடு தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தோற்றுப்போய் கைதியாக நின்றவனே மறுபடி தொடங்கினான் என்றால், மெடலோடு திரும்பி வந்த உனக்கு என்ன வந்தது?

வெங்ஙானூர் உன் பக்கத்து ஊர். பொதுச் சாலையில் நடக்கவே உரிமையில்லை என்று சொல்லப்பட்ட மக்களில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டி பூட்டி அந்தச் சாலையிலேயே ஓட்டினார். அதியன்னூரிலேயே பிறந்தவர் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் திவானின் முறைகேடுகளை எழுதியதற்காக 1910இல் அச்சகத்தைப் பறித்துக்கொண்டு நாடு கடத்தினார்கள். அவர் பேனாவை மூடவில்லை. 1912இல் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதி வெளியிட்டார். அவர் உயிர் பிரிந்தது 1916இல், கண்ணூரில். உன் ஊரில் எதிர்த்து நிற்க யாரும் பழகவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இனி தொழிலுக்கு வருவோம். வாய்ப்பு எங்கே என்று துபாயைப் பார்க்காதே. உன் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவுக்குள்ளேயே விழிஞ்ஞம் துறைமுகம் வந்தாயிற்று. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்து நின்றது; 2025 மே 2இல் பிரதமர் திறந்து வைத்தார். கரைக்கு மிக அருகிலேயே இயற்கையாக 18, 20 மீட்டர் ஆழம். உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வந்து கட்டுகின்றன. இவ்வளவு பெரிய கப்பலுக்கு என்னென்ன தேவைப்படும் என்று இந்தத் தாலுக்காவில் யாருக்குத் தெரியும்? டீக்கடையில் உனக்கு அறிவுரை சொன்னவருக்கா? உனக்குத் தெரியும். காய்கறி, இறைச்சி, குடிநீர், கயிறு, பெயின்ட், பம்ப் சீல், மோட்டார் ரீவைண்டிங், வெல்டிங், தீயணைப்புக் கருவிச் சோதனை, கன்டெய்னர் பழுது, கரையிறங்கும் மாலுமிக்கு வண்டி, சலவை. என்ஜின் பார்த்தவன் ஒருவன், எலெக்ட்ரிக்கல் பார்த்தவன் ஒருவன், ஸ்டோர்ஸ் பார்த்தவன் ஒருவன், சமையல் பார்த்தவன் ஒருவன். உங்கள் நாலு பேர் வீடும் இந்த நாலைந்து பஞ்சாயத்துக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக செக்யூரிட்டி வேலைக்கு மனுப் போடுவதற்குப் பதிலாக, ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது ஒரு கம்பெனி.

கடல் போதும் என்று வெறுத்துவிட்டாயா? பாலராமபுரம் இருக்கிறது. மன்னர் பாலராம வர்மா காலத்தில் நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர் தெருக்களில், குழித்தறியில் கால் வைத்து நெய்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. புவிசார் குறியீடும் வாங்கிய துணி. ஆனால் விசைத்தறிச் சரக்கை அதே பெயரில் விற்கிற கடைகளால் நெய்கிறவனுக்கு வரவேண்டிய கூலி குறைகிறது. தரம் பார்த்து, கணக்கு வைத்து, சொன்ன தேதியில் சரக்கு அனுப்பத் தெரிந்த ஒருவன் அந்தத் தெருவுக்குத் தேவை. ஸ்டோர்ஸ் லெட்ஜரில் ஒரு திருகாணிகூடத் தவறவிடாதவனைவிட அந்த வேலைக்கு யார் பொருத்தம்?

இப்போது ஒரு வார்த்தை, அக்னிவீர் திட்டத்தில் கடற்படைக்குப் போயிருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணியில் பெண்களும் இருந்தார்கள். நாலு வருடச் சேவை முடிந்ததும் அதிகபட்சம் நாலில் ஒரு பங்குப் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, இளம் வயதிலேயே வீடு திரும்புவார்கள். பென்ஷன் கிடையாது. அந்தத் திட்டம் சரியா தவறா என்று பேச எனக்கும் நிறைய உண்டு. ஆனால் நீ ஊர் திரும்பும் நாள் அந்த விவாதத்துக்காகக் காத்திருக்காது. அந்தப் பணம் வந்த வாரமே பைக் ஷோரூமும் தங்க நகைக் கடையும் உன்னைக் கூப்பிடும். உறவுக்காரர்கள் கைமாற்று கேட்பார்கள். ஒரு ரூபாயைத் தொடாதே. உன் வேலைக்கான கருவி எது என்று தீர்மானிக்கும் வரை அது வங்கியிலேயே கிடக்கட்டும். பெரோ தொடங்கியபோது கையில் இருந்ததைவிட இது அதிகம்.

தங்கச்சி, உன்னிடம் ஊர் வேறு பேச்சுப் பேசும். "நேவிக்குப் போயிட்டு வந்தாச்சு, இனி கல்யாணம்தானே" என்பார்கள். கல்யாணம் உன் விருப்பம். ரேடாரும் எலெக்ட்ரிக்கலும் கற்ற கையை மடக்கி வைப்பது மட்டும் யார் விருப்பமாகவும் இருக்கக் கூடாது.

வரும் திங்கட்கிழமை, டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து உனக்குத் தெரிந்த வேலைகளை ஒரு தாளில் எழுது. மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் தொழில் தொடங்க என்ன பயிற்சி, என்ன கடன் இருக்கிறது என்று கேள். அங்கிருந்து நேராக விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறு. துறைமுக வாசலில் கப்பல் ஏஜென்ட்டுகளின் அலுவலகம் எங்கே என்று விசாரி. உள்ளே போ. பெயரைச் சொல். எந்தக் கப்பலில், எந்த என்ஜினில், எத்தனை வருடம் வேலை பார்த்தாய் என்று சொல். என்ன விலைக்குச் செய்து தருவாய் என்றும் அங்கேயே சொல். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, அடுத்த கதவைத் தட்டு.